அப்பாவுக்கு ஒரு பூசை

அப்பா இறந்து முப்பதாம் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து, காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். அப்பாவின் பெயர். அதன் கீழே ‘ஆத்தும இளைப்பாற்றிக்காக’. அதை ஒரு கவரில் பணத்தோடு வைத்துக் கோவிலில் கொடுத்தால், முப்பதாம் நாள் பூசையில் சாமியார் அந்தப் பெயரை வாசித்து வேண்டிக்கொள்வார்.

எதிரே சின்ன அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தாளை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “மைனி, அண்ணன் கர்த்தர்கிட்ட போயாச்சு. இனி அண்ணனுக்கு எதுக்கு ஜெபம்?”

அம்மா நிமிராமலே சொன்னாள்: “போனவங்களுக்காக நாங்க கேப்போம். அவுங்க நமக்காகக் கேப்பாங்க.”

அத்தை மேலே பேசவில்லை. கீரைக் காம்புகளை முறத்தில் ஒதுக்கிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். கோபித்துக்கொண்டு போகவில்லை. அண்ணனை இழந்த துக்கத்துக்கு மேல், செத்துப்போன அண்ணன் இன்னும் கரையேறவில்லை என்று யாரோ சொல்வதுபோல அவளுக்கு இருந்திருக்கும்.

அம்மா ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். அப்பா சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் இந்த இரண்டு சொல்லைச் சொன்னாலே போதும், மீதியை ஆளுக்கு ஆள் புரிந்துகொள்வார்கள். அம்மாவின் ஊர் சாத்தான்குளம் பக்கம், மாதா கோவிலைச் சுற்றி வளர்ந்த ஊர். அப்பாவின் ஊர் மெய்ஞ்ஞானபுரம் பக்கம், தேரிக்காட்டுக்கு நடுவே மிஷனரிகள் பள்ளிக்கூடமும் ஆலயமும் கட்டிய ஊர்களில் ஒன்று. நடுவே சில மைல் பனங்காடுதான். ‘கத்தோலிக்கருக்கும் மற்றவர்களுக்கும் என்ன வித்தியாசம்?’ என்று கேட்கிற நண்பர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு ஒருபோதும் வந்ததில்லை. அந்த வித்தியாசத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவன் நான். எனக்குத் தெரிந்ததை அந்தத் துண்டுத் தாளிலிருந்தே சொல்லிப் பார்க்கிறேன்.

இறந்தவர்களுக்காக வேண்டலாமா என்பது சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆனால் 1517 அக்டோபர் 31-ஆம் தேதி ஜெர்மானியத் துறவி மார்ட்டின் லூத்தர் முன்வைத்த 95 கருத்துகளும் இதைச் சுற்றித்தான் இருந்தன. கத்தோலிக்க நம்பிக்கையில், கடவுளோடு உறவில் இறந்தாலும் முழுத் தூய்மை பெறாதவர்கள் தூய்மையாகும் ஒரு நிலை உண்டு. பழைய ஞானோபதேசத்தில் அதற்குப் பெயர் உத்தரிக்கிற ஸ்தலம். பணம் கொடுத்து ஞானப்பலன் சீட்டு வாங்கினால் அந்த ஆத்துமா சீக்கிரம் கரையேறும் என்று சிலர் ஊர் ஊராகப் பிரசங்கித்தார்கள். லூத்தர் எதிர்த்தது முதலில் அந்த வியாபாரத்தை. அந்தச் சீட்டுகளைக் காசுக்கு விற்பதைக் கத்தோலிக்கத் திருச்சபையே பின்னால் தடைசெய்துவிட்டது. ஆனால் அதற்குள் விவகாரம் சீட்டைத் தாண்டி வேரைத் தொட்டுவிட்டது. மீட்பு முழுக்க முழுக்கக் கடவுளின் கிருபை, அதை விசுவாசத்தால் மட்டுமே பெறுகிறோம் என்றால், செத்தவருக்காக நாம் சேர்த்துக் கொடுக்க என்ன இருக்கிறது? சீர்திருத்தச் சபைகள் உத்தரிக்கிற ஸ்தலத்தையே விட்டுவிட்டன. அப்பாவின் சபைக்கு மூதாதையான ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து) சபையின் 39 விதிகளில் 22-ஆவது விதி அதை நேராகவே மறுக்கிறது. அத்தை அந்த விதியைப் படித்தவள் இல்லை. ஆனால் அவள் கேட்ட கேள்வி அங்கிருந்து வந்தது.

சரி, வேதத்தைத் திறந்து பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். மக்கபேயர் இரண்டாம் நூலின் 12-ஆம் அதிகாரத்தில் ஒரு சம்பவம் வருகிறது. போரில் செத்த வீரர்களின் பாவத்துக்குப் பரிகாரமாகப் பலி செலுத்தச் சொல்லி, யூதத் தளபதி யூதா மக்கபே ஏறத்தாழ 2,000 வெள்ளிக்காசு திரட்டி எருசலேமுக்கு அனுப்புகிறார். இறந்தவர்களுக்காக வேண்டுவது நல்ல, புனிதமான எண்ணம் என்று அந்த நூலே பாராட்டுகிறது. அம்மாவின் திருவிவிலியத்தில் இந்தப் பக்கம் உண்டு. அத்தையின் வேதாகமத்தில் அந்தப் புத்தகமே கிடையாது. கத்தோலிக்கருக்கு 73 நூல்கள், சீர்திருத்தச் சபைகளுக்கு 66. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு நூல்கள் ஆகிய ஏழும் எபிரேயத் தொகுப்பில் இல்லை, கிரேக்கத் தொகுப்பில் உண்டு. லூத்தர் அவற்றைத் தள்ளிவைத்தார். 1546-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் அவையும் வேதமே என்று உறுதிசெய்தது. ஆக, எந்த நூலை வைத்து வழக்குத் தீர்ப்பது என்பதே வழக்காகிவிட்டது.

அம்மா அப்பா கல்யாணம் 1979-இல். அது எப்படி நடந்தது என்றால், இரண்டு பேரும் ஒரே சாதி. இதைச் சொல்லாமல் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவத்தைப் பற்றி எழுதுவது நேர்மையில்லை. சபை மாறிப் பெண் எடுப்பார்கள், கொடுப்பார்கள். ஒரே கோவிலில் ஒரே சாமியாரிடம் நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கும் வேறு சாதிக் குடும்பத்தில் எடுக்கமாட்டார்கள். வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக நின்று பூசை காணும்படி கோவிலையே இரண்டு காலாகப் பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். நடுவில் இருந்த சுவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் போனது. வேதவிளக்கத்தில் பிரிந்தவர்கள் பிரிந்த காரணம் எனக்குப் புரிகிறது, அதில் ஒரு கண்ணியமும் இருக்கிறது. இந்தப் பிரிவில் அப்படி எதுவும் இல்லை. இரண்டு சபைக்கும் பொதுவான பாவம் இது.

கல்யாணத்துக்கு முன் இரண்டு கோவிலிலும் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். கத்தோலிக்கர் பிற சபையாரை மணக்க ஆயரின், அதாவது பிஷப்பின், அனுமதி வேண்டும். முன்பெல்லாம் பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்போம் என்று இருவரும் வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. 1970-இல் பாப்பரசர் ஆறாம் பவுல் அதை மாற்றினார். கத்தோலிக்கராக இருப்பவர் மட்டும் தன்னால் ஆனதைச் செய்வேன் என்று சொன்னால் போதும், மற்றவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அம்மா அந்த வாக்கைக் கொடுத்தாள். அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டார். அவரை மறுபடி ஞானஸ்நானம் பெறச் சொல்லவில்லை. தண்ணீரால், தந்தை மகன் தூய ஆவியின் பெயரால் கொடுத்த திருமுழுக்கு எந்தச் சபையில் கொடுத்தாலும் ஒன்றே என்பது கத்தோலிக்கப் போதனை. நான் இந்தக் கட்டுரையில் எழுதுவதெல்லாம் மறந்துபோனாலும் இந்த ஒன்றை நினைவில் வையுங்கள். அப்பாவின் நெற்றியில் ஊற்றிய தண்ணீரை அம்மாவின் சபை ஏற்றுக்கொண்டது.

வீட்டுக்குள் இரண்டு தமிழ் இருந்தது. அம்மாவுக்குக் கோவில், பூசை, சாமியார், மாதா. அப்பாவுக்கு ஆலயம், ஆராதனை, ஐயர், மரியாள். ‘பேராயர்’ என்றால் அம்மாவுக்கு ஆயர்களுக்கு மேலே இருப்பவர். அப்பா சபையில் ஆயருக்கே அதுதான் பெயர். ஆச்சி சொல்கிற மங்கள வார்த்தை ஜெபம் ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே’ என்று தொடங்கும். அம்மா காலத்தில் அது ‘அருள் நிறைந்த மரியே’ ஆகிவிட்டது. அம்மாவின் சொந்தக்காரர்களில் சவரிமுத்து, சூசை, இன்னாசி, ஆரோக்கியம். அப்பாவின் பக்கம் சாமுவேல், ஜெபராஜ், எபனேசர், கிருபை. பேரைக் கேட்டாலே எந்தக் கல்லறைத் தோட்டம் என்று சொல்லிவிடலாம். அப்போஸ்தலர்கள்கூட இரண்டு ஊர்க்காரர்கள்: ஆச்சியின் ஜெபப் புத்தகத்தில் இராயப்பர், சின்னப்பர், அருளப்பர். அப்பாவிடம் பேதுரு, பவுல், யோவான்.

இது சும்மா வந்த பழக்கம் இல்லை. கடற்கரையில் பரதவர்கள் 1530-களில் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து ஜெபங்களைத் தமிழில் சொல்லிக்கொடுத்தார். கத்தோலிக்கக் குரு ராபர்ட் தெ நொபிலி மதுரையில் 1606 முதல் வேலைசெய்தார். கடவுளுக்கு ‘சர்வேசுரன்’ என்பது அந்த மரபின் சொல். அதற்கு நூறு வருஷம் கழித்து, 1706-இல், லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். அடுத்த பத்தாண்டுக்குள் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்தார். அவருக்குப் பின்வந்த மொழிபெயர்ப்புகளில் ‘பராபரன்’ வந்தது, பிறகு ‘தேவன்’ வந்தது. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர், தரங்கம்பாடி லூத்தரன்காரர்களைக் கண்டித்துத் தமிழிலேயே உரைநடை எழுதினார். தமிழ் உரைநடை வளர்ந்ததற்கு இந்தச் சண்டையும் ஒரு காரணம்.

1995-இல் இரண்டு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அப்பா ஆசையோடு வாங்கினார். ‘ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை’ என்று வாய்விட்டு ஒரு தடவை படித்தார். “நல்லாத்தான் இருக்கு” என்றார். அப்புறம் மூடி வைத்துவிட்டு, ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்’ என்று மனப்பாடமாகச் சொன்னார். கத்தோலிக்கர் அந்தப் பொது மொழிபெயர்ப்பைப் பூசையிலேயே வாசிக்கிறார்கள். அப்பாவின் ஆலயத்தில் பழையதுதான் தொடர்ந்தது. சின்ன வயதில் காதில் விழுந்த தமிழை யாரும் சங்கம் கூட்டி மாற்ற முடியாது போல.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். அத்தை மகனோடு ஒரு சண்டை. பத்துக் கட்டளைகளில் ஆறாம் கட்டளை எது என்று. மறைக்கல்வி வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ‘மோக பாவம் செய்யாதிருப்பாயாக’. அவன் ஞாயிறு பள்ளியில் படித்தது ‘கொலை செய்யாதிருப்பாயாக’. கட்டிப் புரண்டோம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். இரண்டு பேரையும் திண்ணையில் உட்காரவைத்து யாத்திராகமம் 20-ஐத் திறந்தார். “எங்கே, நம்பர் எங்கே போட்டிருக்குன்னு காட்டுங்க” என்றார். விரலை வைத்து வரி வரியாகத் தேடினோம். வசனத்துக்கு எண் இருந்தது, கட்டளைக்கு எண் இல்லை. விக்கிரகம் செய்யாதே என்பதைக் கத்தோலிக்கர் முதல் கட்டளைக்குள் சேர்த்து எண்ணுகிறார்கள், அது பழைய சபைப் பிதாவான அகுஸ்தீனார் வழி. கடைசியில் பிறன் மனைவி, பிறன் பொருள் என்று இரண்டாகப் பிரித்துப் பத்தை நிறைக்கிறார்கள். ஆங்கிலிக்கன் வழியில் விக்கிரகம் தனியாக இரண்டாம் கட்டளை. அதனால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் ஒன்று தள்ளிப்போகும். லூத்தரன்கள் இதில் கத்தோலிக்கரோடு நிற்கிறார்கள். கோடு நாம் நினைக்கிற இடத்தில் போவதில்லை என்பதை அன்று திண்ணையில் கற்றுக்கொண்டேன்.

மாதா விஷயத்தில் வீட்டில் சத்தம் வந்ததே இல்லை. மரியாள் இயேசுவின் தாய், கன்னி, பாக்கியவதி என்பதில் அப்பாவுக்குச் சந்தேகமில்லை. அவருக்கு ஒப்பாதது பின்னால் வந்த இரண்டு: மாதா ஜென்மப் பாவமின்றி உற்பவித்தார் என்று 1854-இலும், உடலோடு விண்ணகம் எடுத்துக்கொள்ளப்பட்டார் என்று 1950-இலும் பாப்பரசர்கள் விசுவாசக் கோட்பாடாக அறிவித்தவை. “வேதத்துல எங்க இருக்கு?” என்பார். “திருச்சபையில இருக்கு” என்பாள் அம்மா. வேதம் மட்டுமா, அல்லது வேதத்தோடு பாரம்பரியமும் அதற்கு விளக்கம் சொல்லும் அதிகாரமுமா என்ற பெரிய கேள்வி இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிட்டது. ஆகஸ்ட் 15 அன்று அப்பா கொடியேற்றப் பள்ளிக்கூடத்துக்குப் போவார், அம்மா மாதா பூசைக்குப் போவாள். மத்தியானம் ஒன்றாகச் சாப்பிடுவோம்.

வலித்தது ஒரே ஒரு இடத்தில்.

மாதத்தில் ஒரு ஞாயிறாவது அப்பா எங்களோடு பூசைக்கு வருவார். கடைசியிலிருந்து மூன்றாவது பெஞ்ச், ஓரம். நன்மை நேரம் வந்ததும் வரிசை வரிசையாக எழுந்து பீடத்துக்குப் போவார்கள். அப்பா எழமாட்டார். இரண்டு முழங்காலையும் ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டு மற்றவர்களுக்கு வழிவிடுவார். முதலில் அம்மா கடந்து போவாள், பிறகு நான். புதுநன்மை வாங்கிய வருஷத்திலிருந்து நான் அந்த முழங்காலைக் கடந்திருக்கிறேன். திரும்பி வரும்போதும் அதேபோலத் திருப்பிக்கொள்வார். நாக்கில் அப்பம் கரைந்துகொண்டிருக்கும்போது அவர் பக்கம் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

ஏன் கூடாது? கத்தோலிக்க விசுவாசத்தில், வசீகரத்துக்குப் பிறகு, அதாவது குரு அப்பத்தின்மேல் கிறிஸ்துவின் வார்த்தைகளைச் சொன்ன பிறகு, அது அப்பம் இல்லை, கிறிஸ்துவின் உடல். தோற்றமும் சுவையும் மட்டுமே அப்பத்தினுடையவை. அதனால்தான் மீதியை நற்கருணைப் பேழையில் வைத்துப் பூட்டுகிறோம், பக்கத்தில் இரவு பகலாக விளக்கு எரிகிறது, அதைக் கடக்கும்போது முழங்கால் மடக்குகிறோம். அப்பாவின் மரபிலும் கிறிஸ்து மெய்யாகவே அங்கே வருகிறார். ஆனால் அப்பம் அப்பமாகவே இருக்கிறது, எப்படி வருகிறார் என்று வரையறுக்க அவர்கள் விரும்பவில்லை. இதற்கு மேல் இன்னொரு தடை. குருப்பட்டம் அப்போஸ்தலர்களிலிருந்து அறாமல் கைமாறி வரவேண்டும் என்பது கத்தோலிக்க நிலை. ஆங்கிலிக்கன் பட்டங்களில் அந்தத் தொடர் அறுந்துவிட்டது, அவை செல்லாது என்று 1896-இல் பாப்பரசர் 13-ஆம் லியோ தீர்ப்புச் சொன்னார். அது இன்றுவரை மாறவில்லை. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளின் பட்டங்களை ரோமாபுரி ஏற்கிறது. அவர்கள் பாப்பரசரின் அதிகாரத்தை ஏற்காவிட்டாலும், 1054-ஐப் பிரிவின் ஆண்டாகச் சொன்னாலும், அவர்களின் நற்கருணை நற்கருணைதான்.

அப்பாவின் சபையில் இந்தக் கதவு திறந்திருந்தது. சி.எஸ்.ஐ. பிறந்ததே சேர்வதற்காக. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் ஒன்றானார்கள். ஆயர்கள் உள்ள சபையும் ஆயர்களே இல்லாத சபையும் அப்படி ஒன்றுசேர்ந்தது உலகத்துக்கே புதுசு. மற்றச் சபைகளில் நற்கருணை பெறுகிறவர்களும் வரலாம் என்று ஐயர் அழைப்பார். அம்மா ஒருநாளும் போனதில்லை. அவளுடைய திருச்சபை அதை அனுமதிக்கவில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்றை ஒரு தடவை என்னிடம் சொன்னாள்: “எங்க கோவில்ல உங்கப்பா சும்மா இருக்கும்போது, அவுங்க கோவில்ல நான் மட்டும் எப்படி வாங்குவேன்?”

2015 நவம்பரில் பாப்பரசர் பிரான்சிஸ் ரோமாபுரியில் உள்ள லூத்தரன் ஆலயத்துக்குப் போனார். கத்தோலிக்கக் கணவரோடு வாழும் ஒரு லூத்தரன் பெண் எழுந்து, நாங்கள் ஒன்றாக ஆண்டவரின் பந்தியில் சேர வழியில்லையா என்று கேட்டாள். எங்கள் வீட்டுக் கேள்வி. அவர் நீளமாகப் பதில் சொன்னார். அனுமதி கொடுக்கவில்லை, மறுக்கவும் இல்லை. ஒரே ஆண்டவர், ஒரே விசுவாசம், ஒரே திருமுழுக்கு. ஆண்டவரோடு பேசிவிட்டு முன்னே போங்கள், இதற்கு மேல் சொல்ல எனக்குத் துணிவில்லை என்ற பொருளில் முடித்தார். அந்தச் செய்தியை அப்பாவுக்கு அச்செடுத்துக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். மடித்து வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறும் முழங்காலைத் திருப்பி வழிவிட்டார். பந்தியில் கூப்பிடாமல் உட்காரக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர் அவர்.

என் சபையின் காரணங்கள் எனக்குத் தெரியும், அவற்றை மதிக்கிறேன். நற்கருணை என்பது ஒற்றுமை முழுதாகக் கைகூடியதன் அடையாளம், அதற்கு முன்னால் சேர்ந்து வாங்கினால் அது பொய்யாகிவிடும் என்கிறார்கள். ஆனால் 39 வருஷம் ஒரே உலையில் சோறு பொங்கியவர்களிடம் இன்னும் என்ன ஒற்றுமை மிச்சம் இருக்கிறது என்று கேட்காமல் இருக்கவும் என்னால் முடியவில்லை.

மற்றப் பிரிவுகளை நான் வெளியிலிருந்து பார்த்தவன்தான். குமரி மாவட்டத்துக்குப் போனால் ஒரே சாலையில் லத்தீன், சீரோ மலபார், மலங்கரை என்று மூன்று வழிபாட்டு முறைக் கத்தோலிக்கர்கள். மூவருக்கும் பாப்பரசர் ஒருவரே. 1930-இல் மார் இவானியோஸ் என்ற ஆயரோடு ரோமாபுரித் திருச்சபையில் இணைந்த மலங்கரையினரின் பூசைக்குள் அம்மாவைக் கொண்டுபோய் நிறுத்தினால் திகைத்துப்போவாள். அதே அம்மா அப்பாவின் ஆலயத்தில் எங்கே எழுவது, எங்கே உட்காருவது என்று சரியாகத் தெரிந்து செய்வாள்.

அத்தை மகன், ஆறாம் கட்டளைக்காக என்னோடு கட்டிப் புரண்டவன், பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்தான். தாமிரபரணியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தான். குழந்தையாக இருக்கும்போது கொடுத்தது ஞானஸ்நானமே இல்லை என்றான். அத்தை அதை எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லித்தான் அழுதாள். “நான் இவனை ஏந்திக்கிட்டு நின்னேன் மைனி. ஐயர் கையால தண்ணி விழுந்தப்ப சிரிச்சான். அது செல்லாதுங்கான்.” அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “அதெல்லாம் செல்லும். எங்க சாமியார்கிட்ட கேட்டாலும் செல்லும்னுதான் சொல்வாரு” என்றாள்.

முப்பதாம் நாள் பூசை நடந்தது. சாமியார் அப்பாவின் பெயரைத் தெளிவாக வாசித்தார். அத்தை வரவில்லை, வீட்டில் இருந்து எல்லோருக்கும் சமைத்தாள்.

அப்புறம் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அப்பா அவருடைய ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், அவருடைய தகப்பனாருக்குப் பக்கத்தில் இருக்கிறார். அம்மா சாயங்காலம் மெழுகுவர்த்திப் பொட்டலமும் செவ்வந்திப் பூவும் வாங்கிக்கொண்டாள். நான் கார் எடுத்தேன். போகிற வழியில் அத்தை வீட்டு வாசலில் குடையோடு நின்றுகொண்டிருந்தாள். ஏறி உட்கார்ந்ததும், “நான் ஜெபம் பண்ண வரல மைனி. அண்ணனப் பாக்க வாரேன்” என்றாள்.

மழை விட்டும் விடாமலும் இருந்தது. அம்மா கல்லறை மேட்டில் நான்கு மெழுகுவர்த்திகளை நட்டு ஏற்றினாள். இரண்டு உடனே அணைந்தன. ஜெபமாலையை எடுத்து ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்கினாள். அத்தை சற்றுத் தள்ளி நின்று, புத்தகம் இல்லாமலே 23-ஆம் சங்கீதத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். இருவரும் ஒரே நேரத்தில், ஒருவர் சொல்வது மற்றவரைக் குழப்பாதபடி மெதுவாக. அத்தைக்குச் சீக்கிரம் முடிந்துவிட்டது. அம்மாவுக்கு ஜெபமாலையில் ஐம்பத்து மூன்று மணி இருந்தது.

தூறல் வலுத்தபோது அம்மா ஜெபமாலையை நிறுத்தவில்லை, தலையில் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். அத்தை குடையை விரித்துக்கொண்டு கல்லறைப் பக்கம் நகர்ந்து, குனிந்து, எரிந்துகொண்டிருந்த இரண்டு மெழுகுவர்த்திக்கு மேலே பிடித்தாள்.